சீனி செரிக்காத பிள்ளைக்கு ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை: முந்தைய நாள் அடுப்படியிலிருந்து அறிக்கை வரை

தாய்ப்பால் மட்டும் குடித்தவரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை. கஞ்சியில் கருப்பட்டி சேர்த்த வாரத்திலிருந்து வயிறு ஊதுகிறது, கடமுடவென்று சத்தம் போடுகிறது, புளித்த வாடையோடு தண்ணீராகப் போகிறது, ஆசனவாய் சிவந்து புண்ணாகிறது. மாந்தம் என்று வசம்பு சுட்டுக் கொடுப்பார்கள். பல் முளைக்கிறது என்பார்கள். பெரும்பாலும் சாதாரணக் கிருமித்தொற்றாக இருக்கும். ஆனால் இனிப்பு கொடுத்தால் வருகிறது, நிறுத்தினால் நிற்கிறது, மறுபடி கொடுத்தால் மறுபடி வருகிறது என்று மாதக்கணக்கில் நடந்தால், பிறவிச் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ் குறைபாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாம் சீனி என்று சொல்லும் பொருள் சுக்ரோஸ். குளுக்கோஸும் பிரக்டோஸும் கைகோத்த இரட்டைச் சர்க்கரை. அந்தக் கையை வெட்டிவிட்டால்தான் சிறுகுடல் அதை உறிஞ்சும். வெட்டும் நொதிதான் சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ். அதற்கான கட்டளை 3-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்.ஐ. மரபணுவில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக வந்தால் நோய். 1960-ல் நெதர்லாந்தில் வெய்யர்ஸ் குழுவினர் இதை முதலில் விவரித்தார்கள். கோதுமைக்கும் சீலியாக் என்ற குடல் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த டிக்கேயும் அந்தக் குழுவில் ஒருவர். ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கிரீன்லாந்து, அலாஸ்கா, கனடாவின் பூர்வகுடிகளிடம் இது அபூர்வமே இல்லை. சுமார் 20 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மீனும் இறைச்சியும் உண்டு வாழ்ந்தவர்களுக்கு அந்த நொதி இல்லாதது வெளியே தெரியவே இல்லை.

ஹைட்ரஜன் எங்கே வருகிறது? மனித உடலின் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. மூச்சில் ஹைட்ரஜன் இருந்தால் அது குடல் பாக்டீரியா தயாரித்ததுதான். வெட்டப்படாத சீனி சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனைக் கக்கும். அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறும். அமெரிக்க மருத்துவர் மைக்கேல் லெவிட் 1969-ல் இந்தக் கணக்கைத் தெளிவாக நிறுவினார். ஆக, மூச்சிலுள்ள ஹைட்ரஜன் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: கொடுத்த சர்க்கரை செரிக்காமல் பாக்டீரியாவின் கைக்குப் போய்விட்டது. ஏன் போனது என்று அது சொல்லாது. பரிசோதனையை வைத்து மரபணு நோய் என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுவது நல்லது. ஹைட்ரஜன் என்று தேடினால் ஹைட்ரஜன் தண்ணீர் இயந்திர விளம்பரங்கள் வந்து விழும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரில் வாயுவைக் கரைத்துக் குடித்தால் இல்லாத நொதி முளைக்காது.

யாருக்குச் செய்யக் கூடாது

வயிற்றுப்போக்கு நடந்துகொண்டிருக்கும்போது செய்யக் கூடாது. பேதி வந்தால் சிறுகுடலின் உட்பூச்சு தற்காலிகமாகத் தேய்ந்து சுக்ரேஸும், பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸும் சேர்ந்தே குறையும். அந்த நேரத்தில் எடுத்தால் எல்லாப் பிள்ளைக்கும் நோய் இருப்பதுபோலத் தெரியும். எடை குறைந்து வாடிய கைக்குழந்தைக்கு முழு அளவு சீனி கொடுப்பது ஆபத்து. உண்மையிலேயே நொதி இல்லை என்றால் கொடுத்த சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் பிள்ளையைத் துவளவைத்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைத் தள்ளிவைத்து வேறு வழி பார்ப்பார் குழந்தை மருத்துவர். எந்த வயதானாலும் இது வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

நான்கு வாரம் முன்னிருந்து

ஆன்டிபயாடிக் கொடுத்து 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இதை மறைத்தால் பரிசோதனை வீண். மருந்து பாக்டீரியாவை அழித்திருந்தால், சீனி பெருங்குடலுக்குப் போனாலும் ஹைட்ரஜன் வராது. அறிக்கை நார்மல் என்று வரும், பிள்ளை தொடர்ந்து கஷ்டப்படும். எனிமா, குடலைக் கழுவும் மருந்து, கொலனோஸ்கோப்பிக்கும் அதே கணக்குதான். மலமிளக்கி, குடல் அசைவைத் தூண்டும் மருந்து எல்லாம் ஒரு வாரம் முன்பே நிற்க வேண்டும். வேறு நோய்க்காகத் தினமும் சாப்பிடும் மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நாள் குறிக்கும்போது வீட்டு விசேஷங்களையும் பாருங்கள். ஆடியில் கும்மாயம் கிண்டும் வாரம் வேண்டாம். பிள்ளையார் நோன்பன்று இழை எடுக்கும் மாவில் வெல்லம் இருக்கிறது, அன்றும் அதற்கு மறுநாளும் வேண்டாம்.

முந்தைய நாள் சாப்பாடு

பரிசோதனையின் தலைவிதி இந்த 24 மணி நேரத்தில் எழுதப்படுகிறது. பெருங்குடலில் முந்தைய நாள் மிச்சம் புளித்துக்கொண்டிருந்தால், சீனி கொடுப்பதற்கு முன்பே மூச்சில் ஹைட்ரஜன் நிற்கும். அப்புறம் ஏறியதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

நல்லவேளையாக நமக்குச் சோறு இருக்கிறது. கோதுமை, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பயறு எல்லாம் கொஞ்சமாவது செரிக்காமல் பெருங்குடலுக்கு நழுவும். வெள்ளை அரிசி ஏறக்குறைய முழுதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் சோறு என்றால் அப்போதே வடித்த சுடுசோறு. பழைய சோறும் நீராகாரமும் கூடாது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும்.

சிக்கல் குழம்பில் வருகிறது. செட்டிநாட்டு அடுப்படியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் எதுவும் தொடங்காது. அந்த இரண்டிலும் உள்ள பிரக்டான் என்ற நார்ச்சத்து பாக்டீரியாவுக்கு விருந்து. அன்று ஒருநாள் இரண்டையும் விட்டுவிடுங்கள். தோல் நீக்கிய கோழி அல்லது மீனை உப்பு, மிளகு, மஞ்சள், சிறிது எண்ணெயோடு வேகவைத்துச் சுடுசோற்றோடு கொடுக்கலாம். அசைவம் சாப்பிடாத வீட்டில் சோறு, நெய், உப்பு, மிளகுத்தூள் போதும். முட்டை ஆகும். ஒருநாள்தான், பிள்ளை மெலிந்துவிடாது.

அன்று தொடக் கூடாதவை: இட்லி, தோசை, வெள்ளைப் பணியாரம் (மூன்றிலும் உளுந்து), சாம்பார், சுண்டல், பருப்பு, தேங்காய்ப்பால், பால், தயிர், பழம், கீரை, காய், ரொட்டி, பிஸ்கட். கந்தரப்பம், அதிரசம், பால் பணியாரம் எல்லாம் சொல்லவே வேண்டாம். கவுனி அரிசியும் வேண்டாம். அது ஒட்டும் அரிசி, அதன் மாவுச்சத்து பெரும்பாலும் கிளைகள் நிறைந்த வகை. அந்தக் கிளைகளை நறுக்க உதவுவதே இந்தக் குறைபாட்டில் இல்லாமல் போகும் ஐசோமால்டேஸ்தான்.

கெடுப்பது பெரும்பாலும் வேறு ஒன்று. அப்பத்தா இடுப்பு மடிப்பிலிருந்து எடுத்து நீட்டும் ஒரு கல்கண்டு, சப்பும் விட்டமின் மாத்திரை, இருமலுக்கான சிரப். குழந்தைகளுக்கான சிரப்புகள் பலவற்றில் இனிப்புக்காகச் சுக்ரோஸ் இருக்கும். "ஒரு வாய்தானே ஆத்தா" என்கிற பேச்சு அன்று எடுபடக் கூடாது. வீட்டில் எல்லாரிடமும் முதல் நாளே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்கு 12 மணி நேரமும், பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரமும் பட்டினி. கைக்குழந்தைக்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்பார்கள். மருத்துவமனை சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள். வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

பரிசோதனை அன்று காலை

பல் விளக்கும்போது பற்பசையை விட்டுவிட்டு வெறும் பிரஷ் போதும். பற்பசையில் இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டாலும் பாக்டீரியாவுக்கு உணவுதான். சூயிங்கம் கூடாது. கூட வருபவர் பிள்ளைக்குப் பக்கத்தில் புகைபிடிக்கக் கூடாது. புகையிலேயே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இருக்கின்றன, கருவியின் உணரி இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போவதானால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும். வண்டியில் பிள்ளை தூங்கிவிடும். தூக்கத்தில் மூச்சு மெதுவாகி ஹைட்ரஜன் சேர்ந்து நிற்கும். வண்டியிலிருந்து இறங்கியதும் எழுப்பி, முகம் கழுவி, அரை மணி நேரமாவது விழித்திருக்க வைத்த பிறகு முதல் மூச்சை எடுக்கச் சொல்லுங்கள். நேர்மாறாக, ஓடியாடி மேல்மூச்சு வாங்கினால் அளவு இறங்கும். ஆகவே பரிசோதனை முடியும்வரை தூக்கமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். கதைப் புத்தகம், பல்லாங்குழி, தாயம் எதையாவது எடுத்துப் போங்கள். மூன்று மணி நேரம் நீண்டது.

முதல் மூச்சு எடுப்பதற்கு முன் கிருமிநாசினியால் வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். வாயிலிருக்கும் பாக்டீரியா சீனியைத் தொட்டதும் அதுவும் ஹைட்ரஜன் தரும். முதல் 15, 20 நிமிடத்தில் வரும் சின்ன ஏற்றம் பல நேரம் வாயின் வேலைதான். சீனித் தண்ணீர் குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் மறுபடி கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

அளவு இப்படி: பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 2 கிராம் சீனி, எவ்வளவு எடை இருந்தாலும் 50 கிராமுக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு 24 கிராம். அதை 120 மில்லி தண்ணீரில் கரைத்தால் 20 விழுக்காட்டுக் கரைசல். சின்னப் பிள்ளைக்கு அது திகட்டும், குடலிலும் தண்ணீரை இழுக்கும், அதனால் 240 மில்லியில் கரைத்து 10 விழுக்காடாகக் கொடுப்பதுண்டு. 30 கிலோ பிள்ளைக்குக் கணக்குப்படி 60 வரும், ஆனால் 50 கிராமோடு நிறுத்தி 250 மில்லியில் கரைப்பார்கள். நோய் கடுமையாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கிலோவுக்கு 1 கிராமில் தொடங்குவதும் உண்டு. கரண்டியால் அளக்கக் கூடாது. மட்டமாக அள்ளிய தேக்கரண்டி சுமார் 4 கிராம், குவித்து அள்ளினால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தராசில் நிறுத்திப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய பரிசோதனை முடிந்தது, பிறகு இன்னொரு நாள்தான்.

ஒரு சொல் குழப்பம்: சீட்டில் 'சர்க்கரைப் பரிசோதனை' என்று எழுதியிருந்தால் வரவேற்பில் நீரிழிவுக்கான ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சர்க்கரை என்றால் சிலருக்கு நாட்டுச்சர்க்கரை. 'சீனி கொடுத்து மூச்சில் ஹைட்ரஜன் பார்ப்பது' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

மூச்சை எடுப்பது

சீனிக்கு முன் ஒன்று, பிறகு 30 நிமிடத்துக்கு ஒன்று, மூன்று மணி நேரம்வரை. மொத்தம் ஏழு மாதிரிகள். வேண்டியது நுரையீரலின் அடியிலிருந்து வரும் கடைசிக் காற்று. முதலில் வருவது வாய், மூக்கு, மூச்சுக்குழாயில் நின்ற காற்று, அதில் ஹைட்ரஜன் இல்லை. ஊதத் தெரிந்த பிள்ளை மூச்சை இழுத்து 15 வினாடி அடக்கி, மெதுவாக முழுதும் ஊத வேண்டும். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பழக்கலாம். காகிதக் காற்றாடியை வாய்க்கு எதிரே பிடித்து, அது சுற்றிக்கொண்டே இருக்கும்படி நீளமாக ஊதச் சொல்லுங்கள். பலூனை வெடிக்க ஊதுவது பழக்கம் ஆகாது. அதில் எல்லாம் முதல் காற்றுதான்.

ஊதத் தெரியாத குழந்தைக்கு முகமூடி அல்லது மூக்குக் குழாயோடு சிரிஞ்சைப் பொருத்தி, ஒவ்வொரு மூச்சு வெளிவந்து முடியும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து 20 முதல் 30 மில்லி சேர்ப்பார்கள். குழந்தை அழுதால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகக் குறையும். கருவி கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து அளந்து திருத்திக் கொடுத்தால் இந்தப் பிழை பெரும்பாலும் சரியாகும். திருத்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் எடுத்த மாதிரியை அன்றே படிக்க வேண்டும். ஹைட்ரஜன்தான் இருப்பதிலேயே சிறிய மூலக்கூறு, பிளாஸ்டிக்கின் ஊடே கசிந்துபோகும்.

இன்னொரு பிழைக்குக் காரணம் கொரோனாவுக்குப் பின் எங்கும் வைத்திருக்கும் சானிடைசர். கருவியின் வாய்ப்பகுதியை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தாலோ, கையில் சானிடைசர் காய்வதற்குள் கருவியைப் பிடித்தாலோ, உணரி ஆல்கஹால் ஆவியை வாயுவாக எண்ணிவிடும். அறையில் கொசுவர்த்தியோ சாம்பிராணியோ புகைந்தாலும் நம்பிக்கை இல்லை.

ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் பிள்ளையின் நிலையை எழுதுங்கள். வயிறு ஊதியதா, வலித்ததா, எத்தனை மணிக்குப் போனது. வீட்டுக்கு வந்த பிறகும் 8 மணி நேரம் எழுதுங்கள். எண் ஏறி உபாதை ஒன்றும் இல்லாத பிள்ளையும் உண்டு, எண் ஏறாமல் துடிக்கும் பிள்ளையும் உண்டு. இரண்டும் வெவ்வேறு கதைகள்.

எண்களைப் படிப்பது

அளவு பிபிஎம்மில் வரும், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு. சீனிக்கு முந்தைய அளவு 10-க்குக் கீழ் இருப்பது நல்லது. 20-க்கு மேல் என்றால் முந்தைய நாள் சாப்பாட்டில் ஏதோ நுழைந்துவிட்டது, அல்லது சிறுகுடலிலேயே பாக்டீரியா பெருகியிருக்கிறது. அன்று சீனி கொடுக்காமல் திரும்புவதே மேல்.

சீனிக்கு முந்தைய அளவிலிருந்து 20 பிபிஎம் அல்லது அதற்கு மேல் ஏறினால் சீனி செரிக்கவில்லை என்று கொள்வார்கள். எடுத்துக்காட்டுக்கு 4, 6, 12, 31, 58, 64, 49 என்று ஏழு எண்கள் வந்தால், நான்காவது மாதிரியில், அதாவது 90-ஆவது நிமிடத்தில் 27 ஏறியிருக்கிறது. சீனி பெருங்குடலை எட்டும் நேரத்துக்கு இது பொருந்துகிறது. இதுவே 30-ஆவது நிமிடத்திலேயே 40-ஐத் தொட்டுவிட்டால் முதல் சந்தேகம் சிறுகுடல் பாக்டீரியா மேல் விழும். அதைப் பிரிக்க வேறொரு நாள் குளுக்கோஸ் கொடுத்து இதே பரிசோதனையைச் செய்வார்கள். குளுக்கோஸை வெட்டத் தேவையில்லை, அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதற்கும் ஹைட்ரஜன் ஏறினால் குற்றவாளி பாக்டீரியா.

ஏறவே இல்லை என்றால் உடனே விடுதலை இல்லை. சிலர் குடலில் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர் குடியிருக்கும். நான்கு பங்கு ஹைட்ரஜன் போய் ஒரு பங்கு மீத்தேன் வரும். பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இப்படி, சின்னப் பிள்ளைகளில் குறைவு. மீத்தேனையும் அளக்கும் கருவியில் எடுத்தால் இந்தப் பொய் நார்மல் பிடிபடும்.

பால் ஒத்துக்கொள்ளாமை நம் பக்கம் பெரியவர்களிடையே சாதாரணம். அதனால் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் கொடுத்துச் செய்யும் பரிசோதனையைத் தனி நாளில் செய்து ஒப்பிடுவது உதவும். சீனி மட்டும் ஏறி லாக்டோஸ் ஏறவில்லை என்றால் பிறவிக் குறைபாட்டின் பக்கம் தராசு சாயும். இரண்டும் ஏறினால் குடலின் உட்பூச்சே கெட்டிருக்கலாம். சீலியாக், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி போன்ற காரணங்களைத் தேடச் சொல்வார்கள்.

ஆய்வகத்தில் மலத்தில் பெனடிக்ட் கரைசல் போட்டுச் சர்க்கரை இல்லை என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. சுக்ரோஸ் பெனடிக்ட் கரைசலோடு வினைபுரியும் வகை அல்ல. முதலில் நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்த பிறகுதான் நிறம் மாறும். மலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழ் இருப்பது, அதாவது மலம் அமிலமாக இருப்பது, இதைவிட நல்ல துப்பு.

உறுதிசெய்ய இரண்டு வழிகள். எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து துணுக்கு எடுத்து, உடனே உறையவைத்து, நொதியின் செயல்திறனை அளப்பது பழைய, உறுதியான முறை. உறையவைக்கத் தாமதமானால் நொதி இல்லாததுபோல எண் வரும். எண்டோஸ்கோப்பி செய்வதற்கு முன்பே இதைக் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது, ரத்தத்தில் எஸ்.ஐ. மரபணுவைப் படிப்பது.

அன்றே வீட்டில்

பரிசோதனை முடிந்ததும் சுடுசோறும் உப்பும் கொடுக்கலாம். பேதி வந்தால் நம் கை முதலில் போவது சீனி, உப்பு, தண்ணீர். இந்தப் பிள்ளைக்கு அதுவே விஷம். சீனிக் கரைசல் பேதியைக் கூட்டும், கூடக் கூட இன்னும் ஊற்றுவோம். மருந்துக்கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவன வாய்ப்பாட்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சுக்ரோஸ் இல்லை. அதை முழு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பழச்சுவை சேர்த்த டெட்ரா பெட்டி பானங்கள் இதற்கு மாற்று அல்ல. கண் குழிந்தால், சிறுநீர் 6 மணி நேரம் போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

நோய் உறுதியானால் சில வாரம் சுக்ரோஸை முழுதும் விலக்கிப் பார்ப்பார்கள். கருப்பட்டி, வெல்லம், பனங்கல்கண்டு எல்லாம் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், 'இயற்கை' என்ற பெயர் குடலுக்குத் தெரியாது. மாம்பழத்திலும் பழுத்த வாழையிலும் சுக்ரோஸ் அதிகம். திராட்சை, மாதுளை, எலுமிச்சையில் குறைவு. தேனில் பெரும்பாலும் பிரிந்த சர்க்கரைகளே, ஆனால் ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது. இனிப்புக்குச் சுவை சேர்க்காத குளுக்கோஸ் பொடி போதும், வாசனை சேர்த்தவற்றில் சீனி கலந்திருக்கலாம், பின்பக்கத்தைப் படியுங்கள். சோறு சிலருக்குப் பிரச்சினை இல்லை, சிலருக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வயது ஏற ஏறத் தாங்கும் அளவு பெரும்பாலும் கூடும்.

சாக்ரோசிடேஸ் என்ற நொதி மருந்து ஈஸ்டிலிருந்து எடுக்கப்படுவது, அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது. 15 கிலோவரை ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 1 மில்லி, அதற்கு மேல் 2 மில்லி. குளிர்ந்த தண்ணீரிலோ பாலிலோ கலந்து பாதியைச் சாப்பாட்டுத் தொடக்கத்திலும் மீதியை நடுவிலும் கொடுப்பார்கள். சூடான எதிலும், பழச்சாற்றிலும் கலக்கக் கூடாது, நொதி செத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைத்து, திறந்த 4 வாரத்தில் கொட்டிவிட வேண்டும். ஈஸ்ட் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றைத் தயாராக வையுங்கள்.

தாயும் தந்தையும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. செட்டிநாட்டு நகரத்தார் ஒன்பது கோவில் வகுப்புகளாகப் பிரிந்தவர்கள், பொதுவாக ஒரே கோவிலுக்குள் பெண் எடுப்பதில்லை. அந்தக் கோவில் வகுப்பு தந்தை வழியில் போகிறது. ஆனால் அம்மான் மகள், அயித்தை மகன் உறவில் கோவில் வேறாக இருந்தாலும் தாத்தா பாட்டி ஒருவரே. பழுதான பிரதி கோவில் பார்த்து வருவதில்லை. உறவில் மணம் செய்த குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு உறுதியானால், மரபணு ஆலோசனையில் இருவரின் ரத்தத்தையும் கொடுப்பது நல்லது. ஒற்றைப் பிரதி பழுதாக உள்ள பெரியவர்களில் எரிச்சல் குடல் நோய் சற்று அதிகம் காணப்படுவதாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது, அதனால் வீட்டில் யாருக்கேனும் பல வருடமாக 'கேஸ்' தொல்லை என்றால் அதையும் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பத்தில் அடுத்த குழந்தை பிறந்தால் சேனை வைக்கும் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாக்கில் சீனித் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் சுக்ரோஸ் இல்லை. மூத்த பிள்ளையிடம் எந்த மரபணு மாற்றம் என்று எழுதிய அறிக்கையின் நகலைப் பிரசவ மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். அது கையில் இருந்தால் குழந்தைக்குச் சீனி கொடுத்துப் பார்க்காமலே, சில துளி ரத்தத்தில் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடிவிடலாம்.